ஈய வாய்க்காலில் ஒரு சாண்

ஹோர்ன், 2 மே 1687

அன்புள்ள ஹில்லெ அக்காவுக்கு,

தம்பி விப்ராண்ட் எழுதுவது. நானும் லைஸ்பெத்தும் சுகம். அவளுடைய முழங்கால் வலி போய்விட்டது. போன கையோடு வீட்டை மறுபடியும் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். அத்தானுக்கு இருமல் குறைந்ததா? லண்டன் கரிப்புகையில் சாயப்பட்டறை நடத்துகிறவருக்கு இருமல் எப்படிப் போகும் என்று இவள் கேட்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். எடைமண்டபத்துக்கு வரும் பாலாடைக்கட்டிகளின் தோலில் பூச்சி ஊர்கிறதா என்று பார்க்க, கண்ணாடி இழையை விளக்குச் சுடரில் உருக்கி மணி மணியாகச் செய்துகொண்டிருந்தேன் அல்லவா? கடுகைவிடச் சிறிய மணி. இரண்டு பித்தளைத் தகடுகளுக்கு நடுவே பதித்துக் கண்ணை ஒட்டிப் பிடித்தால் மயிரிழை கயிறாகத் தெரியும். போன வாரம், நம் வீட்டுக் கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடும் ஈய வாய்க்காலிலிருந்து ஒரு சொட்டு எடுத்து அதன் வழியாகப் பார்த்தேன். அக்கா, அதற்குள் உயிர்கள் இருக்கின்றன! ஒவ்வொன்றுக்கும் தலையில் இரண்டு சக்கரம். காற்றாலை சுற்றுவதுபோல் சுற்றுகின்றன. சுற்றி, தண்ணீரைத் தம் பக்கம் இழுத்து, இரையைத் தின்கின்றன. நான் மகிழ்ச்சியில் கத்தியதில் எதிர்வீட்டுக்காரர் தீப்பிடித்துவிட்டது என்று வாளியோடு ஓடிவந்தார்.

லைஸ்பெத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தகட்டை என் கையில் திணித்தாள். "அழுக்குதான் தெரியுது. இத்தனை அழுக்கா நம்ம வாய்க்கால்ல? நாளைக்கே ஏறித் தேய்ச்சுடறேன்."

கையைக் காலைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். எங்களுக்குள் ஒப்பந்தம் இதுதான்: லண்டனில் உள்ள இயற்கை ஆய்வுச் சபையார் "உயிர் உண்டு" என்று சொன்னால் அவள் வாய்க்காலைத் தொட மாட்டாள். "இல்லை" என்று சொன்னால் என் கண்ணாடி மணிகள் பெட்டிக்குள் போகும், வாய்க்காலை அவள் தேய்ப்பாள், நான் ஏணி பிடிக்க வேண்டும்.

சபைக்கு எழுதிய கடிதம் இதோடு இருக்கிறது. எனக்கு நம் மொழி தவிர வேறொன்றும் தெரியாது. நீதான் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுக்க வேண்டும். அடுத்தவன் செய்ததை நிறுத்தே இருபத்தாறு வருஷம் போய்விட்டது அக்கா. நானாகக் கண்டுபிடித்தது இது ஒன்றுதான்.

உன் தம்பி,
விப்ராண்ட்

*

லண்டன், 4 மே 1687

அன்புத் தம்பி விப்ராண்டுக்கு,

உன் கடிதம் வந்தது. அத்தானின் இருமல் பரவாயில்லை. கைகள் மட்டும் இந்த மாதம் நீலம். தேதியைப் பார்த்து லைஸ்பெத் சிரிப்பாள். சிரிக்கட்டும். இந்த நாட்டார் பழைய பஞ்சாங்கத்தை விடமாட்டேன் என்று உங்களுக்குப் பத்து நாள் பின்னால் வாழ்கிறார்கள். பதினைந்து வருஷமாக நானும் அப்படியே வாழ்ந்து பழகிவிட்டேன். ஆக நான் உன்னைவிடப் பெரியவள்தான், ஆனால் பத்து நாள் இளையவளாகிவிட்டேன் என்று அவளிடம் சொல்.

கடிதத்தைப் பெயர்த்து, சபைச் செயலாளர் நத்தானியேல் பர்விஸ் அவர்களிடம் நேரில் கொடுத்தேன். சில இடங்களைக் கொஞ்சம் திருத்தினேன். "கண் உள்ளவன் பார்க்கட்டும், இல்லாதவன் வாயை மூடட்டும்" என்று எழுதியிருந்தாயே, அதை "கற்றறிந்த பெருமக்கள் கனிவோடு நோக்கியருள வேண்டும்" என்று மாற்றினேன். எடைமண்டபத்துப் பேச்சையெல்லாம் சபைக்கு அனுப்பலாமா, மடையா?

செயலாளர் படித்துவிட்டு என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "சாயக்காரர் மனைவியா இவ்வளவு நல்லா எழுதினீங்க?" என்றார். இனி ஹாலந்திலிருந்து சபைக்கு வரும் எந்தக் கடிதமானாலும் என்னிடமே கொடுப்பதாகச் சொன்னார். வீடு வந்து சேரும்வரை என் கால் தரையில் பாவவில்லை.

அவருடைய பதிலைப் பெயர்த்து இதோடு வைத்திருக்கிறேன்.

உன் அக்கா,
ஹில்லெ

*

லண்டன், 4 மே 1687

ஹோர்ன் நகர எடைமண்டபத்து மதிப்பிற்குரிய விப்ராண்ட் அவர்களுக்கு,

தங்கள் மடலைச் சபையில் வாசித்தோம். தலையில் சக்கரம் சுழலும் உயிர் என்றதும் உறுப்பினர் பலர் நகைத்தனர், சிலர் நகைக்கவில்லை. அடியேன் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவன். எனினும் சபையின் வழக்கப்படி, தாங்கள் கண்டதைத் தங்கள் ஊரின் நம்பத்தகுந்த எட்டுப் பேர் கண்டு கையொப்பமிட வேண்டும். அந்தத் தண்ணீரில் சிறிதும், காண்பதற்கான கண்ணாடி ஒன்றும் அனுப்பினால் நாங்களும் காண்போம். தங்கள் உடல்நலத்திற்கு எங்கள் வாழ்த்துகள்.

நத்தானியேல் பர்விஸ்,
செயலாளர்

*

ஹோர்ன், 28 மே 1687

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். வெண்ணெய்க் கப்பல்காரர் யோரிஸ் கையில் ஒரு தகரப்பெட்டி கொடுத்தனுப்பியிருக்கிறேன். அதில் மூன்று கண்ணாடிக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் வாய்க்கால் தண்ணீரும் அடியில் கொஞ்சம் சேறும். என்னிடமிருக்கும் மணிகளில் இரண்டாவது நல்ல மணியும் இருக்கிறது. முதலாவதை நான் யாருக்கும் தர மாட்டேன், ராஜாவே கேட்டாலும்.

குழாய் வாயைக் கார்க்கால் அடைக்கவில்லை. மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று மெல்லிய துணி கட்டியிருக்கிறேன். கப்பலில் குலுங்கி அலுத்து வரும். சில நாள் அமைதியாக ஓரிடத்தில் வைத்திருந்து, ஜூன் இருபதாம் தேதி பார்க்கச் சொல். அதற்குள் பெருகியிருக்கும். அதற்கு மேல் தாமதித்தால் துணி வழியாகத் தண்ணீர் வற்றி, எல்லாம் செத்துவிடும். இருபது என்பதை மறக்காதே!

எட்டுச் சாட்சி பிடிப்பதற்குள் நான் பட்ட பாடு! பாதிரியார் பார்த்துவிட்டுக் கண்ணீர் விட்டார். மருத்துவச்சி அடுத்தவருக்கு இடமே விடவில்லை. நோட்டரி தன் கண்ணிமை மயிரைப் பார்த்துவிட்டு, "ஆகா, காலே நூறு இருக்குதே!" என்று கையெழுத்துப் போடப் போனார். தடுத்து, தலையைத் திருப்பி, சரியாகப் பார்க்கவைத்தேன். எடைமண்டபத்துச் சுமைதூக்கிகள் தலைவர் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றினார். எட்டுப் பேரும் முத்திரை வைத்துவிட்டார்கள். இனி இது என் பேச்சு மட்டும் இல்லை. இவர்கள் பேரும் இதில் இருக்கிறது.

ஒன்பதாவதாக லைஸ்பெத்தும் போடட்டுமே என்று கேட்டேன். "அழுக்குக்கெல்லாம் நான் சாட்சி சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். வாளியும் தூரிகையும் ஏணிக்குப் பக்கத்தில் தயாராக நிற்கின்றன.

உன் தம்பி,
விப்ராண்ட்

*

லண்டன், 3 ஜூன் 1687

அன்புத் தம்பிக்கு,

அவசரமாக நாலு வரி. பெட்டி பத்திரமாக வந்தது. குழாய் ஒன்றும் உடையவில்லை. உன் குறிப்புகளைப் பெயர்த்துச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். ஜன்னலோரம் அலமாரியில் வைத்துப் பூட்டி, "இருபதாம் தேதிக்கு ஒரு நாள் முன்னால யாராவது தொட்டா என்கிட்ட பதில் சொல்லணும்!" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டார். அன்றைக்கே சபையும் கூடுகிறது. லைஸ்பெத்தின் வாளி காய்ந்து கிடக்கட்டும்.

ஹில்லெ

*

லண்டன், 22 ஜூன் 1687

மதிப்பிற்குரிய விப்ராண்ட் அவர்களுக்கு,

தாங்கள் குறித்த நாளிலேயே, ஜூன் இருபதாம் தேதி, பதினெட்டு உறுப்பினர் முன்னிலையில் பெட்டியைத் திறந்தோம். மூன்று குழாய்களிலும் தண்ணீர் இல்லை. அடியில் காய்ந்த மண் மட்டும் இருந்தது. தங்கள் கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தும் அசைவுள்ளது எதையும் காணவில்லை. தங்கள் எட்டுச் சாட்சிகளின் நேர்மையில் சபை ஐயம் கொள்ளவில்லை. ஆயினும் கண்ணால் காணாததைக் கண்டதாகப் பதிய இயலாது. ஆகவே இதை ஒதுக்கி வைக்கிறோம். வருத்தத்துடன் எழுதுகிறேன்.

நத்தானியேல் பர்விஸ்

பின்குறிப்பு, ஹில்லெ எழுதுவது: தம்பி, பெட்டியை என்னிடம் திருப்பித் தந்துவிட்டார்கள். இதற்கு மேல் எழுதக் கை ஓடவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

*

ஹோர்ன், 12 ஜூலை 1687

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன்.

ஊரில் எப்படித் தெரிந்ததோ தெரியவில்லை. எடைமண்டபத்துக்குள் நுழைந்தால் சுமைதூக்கிகள் கையைத் தலைக்குமேல் தூக்கிச் சக்கரம்போல் சுற்றுகிறார்கள். அதுகூடப் பொறுப்பேன். நோட்டரி என்னைக் கண்டதும் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார். பாதிரியார் மட்டும் தோளைத் தட்டி, "நான் பாத்தது பாத்ததுதான்டா" என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது.

ஒன்று புரியவில்லை. இருபதாம் தேதி தண்ணீர் இருந்திருக்க வேண்டும். இங்கே அதேபோல் துணி கட்டி வைத்த குழாயில் இருபதாம் தேதி பாதித் தண்ணீர் இருந்தது. இருபத்தெட்டாம் தேதிதான் வற்றியது. லண்டன் வெயில் அவ்வளவு கடுமையா? நீ யோசித்துச் சொல்.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். மணிகளைப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

விப்ராண்ட்

*

ஹோர்ன், 27 ஜூலை 1687

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அத்தான் சுகம்தானே? என்மேல் கோபமா? சபையில் உனக்கு நான் தலைகுனிவு தேடித் தந்துவிட்டேன் என்று லைஸ்பெத்திடம் சொன்னேன். "ஹில்லெ அண்ணி அதுக்கெல்லாம் கோவிச்சுக்கற ஆளில்ல" என்றாள்.

போன வாரம் வாய்க்காலைத் தேய்த்துவிட்டாள். நான் ஏணி பிடித்தேன், மேலே பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. இறங்கி வந்து, "முடிஞ்சுது" என்றாள். ஜெயித்தவள் முகம்போல் இல்லை அது.

ஒரு வரியாவது எழுது.

விப்ராண்ட்

*

லண்டன், 19 ஜூலை 1687

என் தங்கத் தம்பி விப்ராண்டுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. லைஸ்பெத்தையும் கூப்பிட்டு உட்காரவை.

முதலில் என் குற்றம். லண்டன் வெயில் கடுமையா என்று கேட்டிருந்தாய். வெயில் மேல் பழி இல்லை, என் மேல்தான். நீ எழுதியது உங்கள் ஜூன் இருபது. அது இங்கே ஜூன் பத்து. நான் இருபது என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். பத்து நாள் இளையவளாகிவிட்டேன் என்று கடிதத்தில் கேலி செய்தவள், அதே கையால் பெயர்க்கும்போது அதை மறந்துவிட்டேன். உன் கடிதத்தில் மாற்ற வேண்டாததையெல்லாம் அழகுபடுத்தி மாற்றினேன். மாற்ற வேண்டிய ஒன்றே ஒன்றை அப்படியே விட்டேன்.

இது எனக்கு எப்போது தெரிந்தது என்றால், செயலாளர் தீர்ப்பைப் பெயர்த்து மேலே தேதி எழுதிய அன்றே. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. இனி ஒரு கடிதத்தையும் என்னிடம் தரமாட்டாரே என்ற பயம். ஊர் உன்னைப் பார்த்துச் சிரிக்க, நான் இங்கே நல்ல பெயரோடு இருந்தேன். வெட்கமாக இருக்கிறது, தம்பி. உன் பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தைப் பதினேழு முறையாவது படித்திருப்பேன்.

இப்போது மற்றது. போன சனிக்கிழமை, வழக்கம்போல் வீட்டில் இருந்த பாத்திரம் பண்டம், கதவு, படி எல்லாம் தேய்த்தேன். அலமாரியில் உன் மூன்று குழாய்களும் மண்ணோடு உட்கார்ந்திருந்தன. உன்னைப் பார்ப்பதுபோல் இருந்ததால் மூன்று வாரமாகத் தொடவில்லை. ஆனால் சனிக்கிழமையன்று ஒரு கண்ணாடி அழுக்காக நின்றால் நம் வீட்டுப் பெண்களுக்குத் தாங்குமா? ஒன்றை எடுத்து, மண் ஊறட்டும் என்று மழைத்தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் படியைத் தேய்க்கப் போனேன். ஒரு மணி நேரம் கழித்து, கழுவிக் கொட்டப் போகிறவள், என்னவோ தோன்றி, உன் கண்ணாடியைக் கண்ணில் வைத்தேன்.

விப்ராண்ட், சக்கரங்கள் சுற்றின!

முதலில் ஒன்று, உருண்டையாகச் சுருண்டு கிடந்தது, மெல்ல நீண்டது. சோம்பல் முறிப்பதுபோல் தலையை நீட்டியது. சக்கரத்தை வெளியே எடுத்தது. சுற்றியது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. குறைந்தது இருபத்தாறு நாள் ஈரமே இல்லாமல் கிடந்தவை! நீ கத்தியதில் எதிர்வீட்டுக்காரர் வாளியோடு வந்தாரே, நான் கத்தியதில் அத்தான் நீலக் கையோடு ஓடிவந்து என் வெள்ளைக் கதவில் ஐந்து விரலும் பதித்துவிட்டார். இன்னும் துடைக்கவில்லை. இருக்கட்டும்.

குழாயையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு, ஈர ஏப்ரனோடு செயலாளர் வீட்டுக்கு ஓடினேன். அவர் சாப்பாட்டு மேஜையில் இருந்தார். கண்ணாடியை நீட்டுவதற்கு முன்னால் தேதி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று வழியிலேயே முடிவு செய்திருந்தேன். இல்லாவிட்டால் மகிழ்ச்சியில் அது மூழ்கிப்போகும், நானும் மூழ்க விட்டுவிடுவேன்.

"ஐயா, தப்பு என்னுது. என் தம்பி சொன்ன நாள் உங்க பத்தாம் தேதி. நான்தான் மாத்தாம விட்டுட்டேன். தெரிஞ்சும் மூணு வாரமா மறைச்சேன்" என்றேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அம்மணி, அப்ப இதைச் சொல்லவா இப்படி நனைஞ்சு வந்தீங்க?"

"இல்லீங்க. இதைப் பாக்கச் சொல்ல."

பார்த்தார். சூப் ஆறி ஏடு கட்டியது. மனைவியைக் கூப்பிட்டார், அவர் பார்த்தார். சமையற்காரி பார்த்தாள். செயலாளர் மறுபடி பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. "நீங்க தேதியைச் சரியா எழுதியிருந்தா, உயிரு இருக்குன்னு மட்டும் பாத்திருப்போம். காஞ்சு போயும் சாகலைங்கறது யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்றார்.

அப்படிச் சொன்னாலும் உனக்கு நான் செய்தது செய்ததுதான். என்னை மன்னித்துவிடு.

மீதி இரண்டு குழாய்களைச் சபையில் எல்லார் முன்னிலையிலும் நனைக்கப் போகிறார்கள். உன் வாய்க்காலை லைஸ்பெத் இன்னும் தேய்க்கவில்லையே? ஐயோ, தேய்க்க வேண்டாம் என்று சொல்!

உன் அக்கா,
ஹில்லெ

*

லண்டன், 5 ஆகஸ்ட் 1687

ஹோர்ன் நகர எடைமண்டபத்து மாண்புமிகு விப்ராண்ட் அவர்களுக்கு,

இன்று இருபத்திரண்டு உறுப்பினர் முன்னிலையில் காய்ந்த மண்ணின் மேல் கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றினோம். தண்ணீரில் வேறெதுவும் இல்லை என்பதை முதலில் பார்த்து உறுதி செய்துகொண்டோம். அரை மணி கழித்துத் தங்கள் உயிர்கள் எழுந்தன. மேன்மைமிக்க முதியவர்கள் கண்ணாடிக்காக ஒருவரையொருவர் முழங்கையால் இடித்ததை என் வாழ்நாளில் இன்றுதான் கண்டேன்.

"ஹோர்ன் நகர விப்ராண்ட் கண்டது உண்மை" என்று சபை பதிந்துள்ளது. தங்கள் எட்டுச் சாட்சிகளின் பெயரும் பதியப்பட்டுள்ளது. முந்தைய மடலுக்காக மன்னிப்புக் கோருகிறேன். நாள் குறித்த பிழை இங்கே நேர்ந்தது, தங்களுடையது அன்று. தங்கள் தமக்கையார் அதைத் தாமே வந்து சொன்னார். இனியும் அவரே எங்களுக்காக மொழிபெயர்ப்பார்.

ஒரே ஒரு வேண்டுகோள். மண் தீர்ந்துவிட்டது. அதே வாய்க்காலிலிருந்து இன்னும் கொஞ்சம், விரைவில்.

நத்தானியேல் பர்விஸ்

*

ஹோர்ன், 26 ஆகஸ்ட் 1687

அன்புள்ள ஹில்லெ அண்ணிக்கு,

லைஸ்பெத் எழுதுகிறேன். எல்லாரும் சுகம், மிகவும் சுகம். உங்கள் தம்பி எழுத முடியாத இடத்தில் இருக்கிறார், அதனால்தான் நான்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபப்படுவார் என்று பயந்தேன். "பத்து நாள்! அக்கா பத்து நாளை முழுங்கிட்டா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். உங்களை மன்னிக்க என்ன இருக்கிறது! அதையெல்லாம் அவர் யோசிக்கவேயில்லை. செயலாளரின் கடிதம் வந்த அன்று பாதிரியார் அதை எடைமண்டபத்தில் நின்று உரக்கப் படித்தார். தன் பெயர் வந்த இடத்தை நோட்டரி இரண்டு முறை படிக்கச் சொன்னார். சுமைதூக்கிகள் இவரைப் பாலாடைக்கட்டி சுமக்கும் தட்டில் உட்காரவைத்து ஊரைச் சுற்றினார்கள்.

கடைசியில் "இன்னும் மண் வேண்டும்" என்ற வரியைப் படித்தபோதுதான் இவர் முகம் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "எல்லாம் தேய்ச்சாச்சே, லைஸ்பெத்" என்றார். என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"ஏங்க, புகைபோக்கிக்குப் பின்னால போய்ப் பாருங்க" என்றேன்.

அண்ணி, உங்களிடம் மட்டும் சொல்கிறேன். மே மாதம் அவர் கண்ணாடியை முதலில் என் கண்ணில் வைத்தபோதே எனக்குச் சக்கரம் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. தெரிகிறது என்று சொன்னால் இந்த மனிதர் வீட்டில் ஒரு மூலையைக்கூடத் தேய்க்க விடமாட்டார் என்று வாயை மூடிக்கொண்டேன். அன்று தூரிகையோடு ஏறி, தேய்த்துக்கொண்டே போய், புகைபோக்கிக்குப் பின்னால் வந்ததும் கை நின்றுவிட்டது. கீழே அவர் தலையைக் குனிந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இங்கே இவை பாட்டுக்குக் குடித்தனம் நடத்துகின்றன. எப்படித் தேய்ப்பது? ஒரு சாண் விட்டுவிட்டேன். சத்தம் கேட்கட்டும் என்று தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்துவிட்டு இறங்கினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் தெரிந்தே விட்ட அழுக்கு அந்த ஒரு சாண்தான்.

இப்போது மேலே இருக்கிறார். "லைஸ்பெத்! இருக்குது! எல்லாம் இருக்குது!" என்று தெருவே கேட்கக் கத்துகிறார். எதிர்வீட்டுக்காரர் மறுபடி வாளியோடு வந்துவிட்டார்.

செயலாளரிடம் சொல்லுங்கள். ஹோர்னில் சாட்சி எட்டு இல்லை, ஒன்பது. ஒன்பதாவது பெயரை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் போய் ஏணியைப் பிடிக்க வேண்டும்.

உங்கள் அன்பு,
லைஸ்பெத்